சி.வி. அனுப்பியாச்சு, அப்புறம்?

விண்ணப்பம் அனுப்பியவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் மறுநாள் காலை எட்டரை மணிக்கே கம்பெனி ரிசப்ஷனுக்குப் போன் போட்டு "என் சி.வி. வந்து சேர்ந்ததா?" என்று கேட்பார். இன்னொருவர் "தகுதி இருந்தால் அவர்களே கூப்பிடட்டும்" என்று மூன்று மாதம் வாயே திறக்க மாட்டார். முதலாமவரை அவசரக்காரர் என்போம், இரண்டாமவரைப் பொறுமைசாலி என்போம். இருவருக்கும் உள்ள குறை ஒன்றுதான். தங்கள் விண்ணப்பம் இப்போது யார் கையில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. அது தெரிந்தால் எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாக விளங்கிவிடும்.

இது தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் வேலை தேடும் நம்மவர்களுக்காக எழுதுவது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்தவர்களுக்கு இந்த ஊர் நடைமுறை புதிது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாலும் சரிதான். தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வ வேலையின்மை விகிதம் சில ஆண்டுகளாகவே 30 விழுக்காட்டுக்கு மேல். சாதாரண கிளார்க் வேலைக்கும் விண்ணப்பங்கள் மலையாகக் குவிகின்றன. அதை ஒருவரோ இருவரோ உட்கார்ந்து சலிக்கிறார்கள். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் அதுவே, உங்கள் மேல் உள்ள வெறுப்பு அல்ல.

அனுப்பும் அன்றே செய்ய வேண்டியது

ஃபாலோ-அப் என்பது விண்ணப்பம் அனுப்பிய அன்றே தொடங்கிவிடுகிறது. முதல் வேலை, விளம்பரத்தை முழுதாகச் சேமித்து வைப்பது. கடைசித் தேதி முடிந்ததும் பல தளங்களில் விளம்பரம் காணாமல் போய்விடும். அப்புறம் ஹெச்.ஆரிலிருந்து போன் வந்தால் எந்த வேலைக்கு அழைக்கிறார்கள் என்றே நினைவிருக்காது. "எந்த வேலைங்க?" என்று கேட்டால் அந்த அழைப்பு அங்கேயே பாதி செத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் போதும், பி.டி.எஃப். ஆக வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். கம்பெனி, பதவி, குறிப்பெண், எந்த வழியாக அனுப்பினீர்கள், எந்த மின்னஞ்சலிலிருந்து, எந்த சி.வி., கடைசித் தேதி, தொடர்புக்கு உரியவர் பெயர். இதில் மிக முக்கியம் கடைசித் தேதி. நாட்களை எண்ண வேண்டியது அதிலிருந்துதான், நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து அல்ல. மே 2-ஆம் தேதி அனுப்பி, கடைசித் தேதி மே 23 என்றால், 23 வரை உங்கள் விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம். மே 9-இல் போன் செய்து கேட்பதில் அர்த்தமே இல்லை.

அனுப்பி ஒரு மணி நேரம் கழித்து உங்கள் இன்பாக்ஸையும் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். "டெலிவரி ஆகவில்லை" என்று திரும்பி வந்த மின்னஞ்சலைக் கவனிக்காமலே வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். கைபேசியில் எடுத்த சான்றிதழ் படங்களைப் பத்துப் பன்னிரண்டாக இணைத்தால் கோப்பின் கனம் தாங்காமல் அந்தப் பக்கத்துச் சர்வர் தள்ளிவிடும். எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, 5 எம்பிக்குள் சுருக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையும் குறிப்பெண்ணையும் வையுங்கள். "சிவி ஃபைனல் புதுசு 2" என்ற பெயரில் வரும் கோப்பை ஹெச்.ஆர். டவுன்லோடு செய்தால் அது அவருடைய கணினியில் இன்னும் பத்து "சிவி ஃபைனல்"களோடு கலந்துவிடும்.

பெயர் எனும் தொல்லை

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல், இரண்டு முகமாக வரும்.

டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் ஒரே வேலைக்கு வரும் விண்ணப்பங்களில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, நாயக்கர், ரெட்டி என்று ஒவ்வொரு குடும்பப் பெயரிலும் பல பேர் இருப்பார்கள். "நான் மிஸ் பிள்ளை பேசுகிறேன், என் விண்ணப்பம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் தேடக்கூட மாட்டார். முழு முதற்பெயர், குடும்பப் பெயர், பதவி, குறிப்பெண், நான்கையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் இவை தலைப்பு வரியிலேயே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தலைகீழ்ச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். கடவுச்சீட்டில் ஒரு விதம், பட்டத்தில் ஒரு விதம், லிங்க்ட்இனில் வேறு விதம். இங்கே எல்லாக் கணினி முறையும் குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடும். எஸ். கார்த்திகேயன் என்று சி.வி.யில் போட்டு, படிவத்தில் கார்த்திகேயன் சுப்பிரமணியம் என்று நிரப்பி, போனில் "நான் கார்த்திக்" என்றால் மூன்று பேர் என்றுதான் நினைப்பார்கள். விசாவில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பட்டச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால் சி.வி.யிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பின்னால் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது அந்த ஒரு வரி பல நாள் இழுத்தடிப்பைத் தவிர்க்கும்.

தனியார் கம்பெனி: எப்போது, எப்படி

பிநெட் வேலைத் தளம், லிங்க்ட்இன், கம்பெனியின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம் எதில் போட்டாலும் முதலில் வருவது தானியங்கிப் பதில். அதில் "பரிசீலனையில் உள்ளது" என்று இருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. விண்ணப்பம் உள்ளே விழுந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினால் பெரும்பாலும் யாரும் படிக்காத முகவரிக்குத்தான் போய்ச் சேரும்.

கடைசித் தேதிக்குப் பிறகு 7 முதல் 10 வேலை நாட்கள் விடுங்கள். கடைசித் தேதியே குறிப்பிடாத விளம்பரம் என்றால் அனுப்பியதிலிருந்து இரண்டு வாரம். பிறகு ஒரு மின்னஞ்சல். அதற்குப் பதில் இல்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு போன். அதற்கும் பிடி கிடைக்கவில்லையா, விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். மூன்றாவது தடவை கேட்டுக் கிடைத்த வேலை அபூர்வம், மூன்றாவது தடவை கேட்டதால் கெட்ட பெயர் சகஜம்.

நாளும் பார்க்க வேண்டும், ராகு காலத்தைச் சொல்லவில்லை. பல தனியார் கம்பெனிகளில் சம்பளம் மாதம் 25-ஆம் தேதி போடப்படும். சிறு, நடுத்தரக் கம்பெனிகளில் ஆள் எடுப்பவரும் சம்பளப் பட்டியல் போடுபவரும் ஒரே ஆள். 20-லிருந்து 25 வரை அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். திங்கள் காலையும் வெள்ளி மதியமும் வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 9.30-லிருந்து 11.30 வரை நல்ல நேரம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பித்துவிட்டு அழைப்பவர்கள் மூன்றரை மணி நேர வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அங்கே மதியம் 1 மணி என்றால் இங்கே காலை 9.30. அங்கே காலையில் சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு அழைத்தால் இங்கே விடிகாலை 5.30.

டிசம்பர் தனிக் கதை. நல்லிணக்க நாளான டிசம்பர் 16-ஐ ஒட்டிப் பல தொழிற்சாலைகளும் கட்டுமானக் கம்பெனிகளும் மூடினால் ஜனவரி முதல், இரண்டாம் வாரம் வரை திறக்காது. அந்தச் சமயத்தில் அனுப்பும் எந்த ஃபாலோ-அப்பும் விடுமுறை முடிந்து வரும்போது நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களுக்கு அடியில் கிடக்கும். டிசம்பர் தொடக்கத்தில் கடைசித் தேதி முடிந்த வேலைக்கு ஜனவரி மூன்றாம் வாரத்தில் கேளுங்கள். ஈஸ்டர் வாரத்தையும், ஏப்ரல் 27 சுதந்திர நாளுக்கும் மே 1-க்கும் இடைப்பட்ட நாட்களையும் இப்படியே கணக்கில் வையுங்கள். விடுப்பு எடுக்க வசதியான வாரம் அது, பலர் எடுத்துவிடுவார்கள்.

என்ன எழுதுவது? "என் விண்ணப்பத்தின் நிலை என்ன?" என்று மட்டும் கேட்கும் மின்னஞ்சல் படிப்பவருக்கு வேலை வைக்கிறது, அவருக்குக் கையில் எதையும் தருவதில்லை. உங்கள் கோப்பை அவர் மறுபடி எடுக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் புதுச் செய்தியாக இருந்தால் மிக நல்லது. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுத் தரும் சாக்வா சான்றிதழ் வந்துவிட்டது, விசா நீட்டிப்புக் கிடைத்துவிட்டது, கோட் 8 ஓட்டுநர் உரிமம் வாங்கியாயிற்று, ஆசிரியர்கள் என்றால் சேஸ் எனும் ஆசிரியர் கவுன்சிலில் பதிவு முடிந்தது, கைபேசி எண் மாறிவிட்டது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். போன் திருடு போய்ப் புது எண் வாங்கியவர்கள், பழைய எண் உள்ள சி.வி.கள் எத்தனை இடத்தில் கிடக்கின்றன என்று கணக்கு எடுப்பதே இல்லை.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் இந்த அளவு இருந்தால் போதும்:

"காலை வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பைன்டவுன் கிளைக்கான ஸ்டாக் கன்ட்ரோலர் வேலைக்கு (குறிப்பெண் இன்னது) மே 6 அன்று உங்கள் இணையதளம் வழியாக விண்ணப்பித்தேன். அதன் பிறகு என் ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழைப் புதுப்பித்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். இப்போதைய வேலையில் நான்கு வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஷார்ட்லிஸ்ட் எப்போது முடியும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது. "எனக்கு வேலை கிடைக்குமா" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "ஷார்ட்லிஸ்ட் எப்போது" என்றால் "அடுத்த வாரம்" என்று சொல்லிவிடலாம். முன்னறிவிப்புக் காலத்தைச் சொல்வதும் வீண் அல்ல. இந்நாட்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி குறைந்தபட்ச முன்னறிவிப்பு, வேலையில் 6 மாதம் வரை இருந்தவருக்கு 1 வாரம், அதற்கு மேல் ஓராண்டு வரை 2 வாரம், ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 4 வாரம். அவசரமாக ஆள் தேவைப்படும் இடத்தில் இந்தத் தகவலே உங்களை மேலே ஏற்றும்.

ஊரிலிருந்து பழகிவந்த "மதிப்பிற்குரிய ஐயா" பாணியும், பணிவன்போடு கேட்டுக்கொள்ளும் நீண்ட வாக்கியங்களும் இங்கே எடுபடாது. ஹெச்.ஆரில் பெண்கள் நிறைய, ஆகவே ஐயா என்று போட்டால் பாதி நேரம் தவறாகவே இருக்கும். ஜூலுப் பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நமக்குப் பிடிபடாது. முழுப் பெயரை அப்படியே எழுதி வணக்கம் சொன்னால் போதும்.

போனில் பேசும்போது இந்த ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. முதலில் வணக்கம், பிறகு "எப்படி இருக்கிறீர்கள்?", அவர் பதில் சொல்லித் திருப்பிக் கேட்டதும் நீங்கள் பதில் சொல்லி, அதற்குப் பிறகுதான் விஷயம். ஸ்விட்ச்போர்டில் எடுப்பவர் ஜூலு பேசுபவர் என்றால் ஒரு "சவுபோனா" சொல்வதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நேரே விஷயத்துக்குப் பாய்ந்தால் மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அழைப்பை ஹெச்.ஆருக்கு மாற்றித் தருவதும் "அவர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சொல்வதும் அவர் கையில்தான் இருக்கிறது. ஏர்டைம் இல்லையென்று ஹெச்.ஆருக்கு "ப்ளீஸ் கால் மீ" (நீங்களே கூப்பிடுங்கள் என்ற இலவசக் குறுஞ்செய்தி) அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள், சிரிக்காதீர்கள், நடக்கிறது. விளம்பரத்தில் வாட்ஸ்அப் எண் கொடுத்திருந்தால் ஒழிய வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். கொடுத்திருந்தாலும் குரல் செய்தி வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

அரசு வேலை: மௌனமே விதி

அரசு வேலையில் மேலே சொன்ன நாட்கணக்கு எதுவும் செல்லாது. பொதுச் சேவை மற்றும் நிர்வாகத் துறை (டிபிஎஸ்ஏ) வாராவாரம் வெளியிடும் சர்க்குலரில் தேசிய, மாகாணத் துறைகளின் காலியிடங்கள் வரும். விண்ணப்பம் இசட்83 படிவத்தில். 2021 ஜனவரி 1 முதல் புதிய இசட்83 மட்டுமே செல்லும். பழைய படிவத்தை இன்னமும் ஜெராக்ஸ் கடையில் வாங்கி நிரப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பம் முதல் சலிப்பிலேயே வெளியே போய்விடும், எத்தனை ஃபாலோ-அப் செய்தாலும் திரும்ப உள்ளே வராது. கையெழுத்தில்லாத படிவத்துக்கும் அதே கதி. சான்றிதழ்களின் அத்தாட்சி நகல்களை இப்போது விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியதில்லை. ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களிடம்தான் கேட்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்று முன்கூட்டியே முத்திரை வாங்கி வைப்பது பெரும்பாலும் வீண் அலைச்சல்.

பெரும்பாலான அரசு விளம்பரங்களின் அடியில் ஒரு வாக்கியம் இருக்கும்: ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களோடு மட்டுமே தொடர்பு, கடைசித் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தகவல் இல்லையென்றால் தேர்வாகவில்லை என்று கொள்க. இதை அலட்சியம் என்று பலர் திட்டுகிறார்கள். அது அவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்ட பதில் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த மூன்று மாதத்தில் உள்ளே என்ன நடக்கிறது? வந்த விண்ணப்பம் அனைத்தும் ஒரு பட்டியலில் ஏற்றப்படும். குறைந்தபட்சத் தகுதி இல்லாதவை கழிக்கப்படும். குறைந்தது மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு கூடி ஷார்ட்லிஸ்ட் போடும். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் வேறு வேலை உள்ள அதிகாரிகள், மூவருக்கும் ஒத்துவரும் நாள் கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும். பிறகு நேர்காணல், சில பதவிகளுக்குத் தேர்வு. அதன் பின் குற்றப்பின்னணி, கல்வித்தகுதி, குடியுரிமைச் சரிபார்ப்பு. கடைசியில் அதிகாரம் உள்ளவரின் கையெழுத்து. மேலதிகாரி விடுப்பில் போனால் கோப்பும் அங்கேயே நிற்கும். ஆக, முதல் ஆறு வாரத்தில் கேட்பதற்கு அங்கே யாரிடமும் பதில் இருக்காது.

ஆனால் விளம்பரத்திலேயே "விசாரணைக்கு" என்று ஒருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆறு வாரம் கழித்து அவரை ஒருமுறை அழைக்கலாம், கேள்வி ஒன்றுதான்: "இந்தக் குறிப்பெண்ணுக்கு ஷார்ட்லிஸ்ட் முடிந்துவிட்டதா?" முடிந்துவிட்டது, உங்களுக்கு அழைப்பில்லை என்றால் கதை முடிந்தது. இன்னும் இல்லை என்றால் காத்திருங்கள். "காலியிடம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது" என்றும் சில நேரம் வரும். பணஒதுக்கீடு இல்லாமல் போனால் அப்படி ஆகும், அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

யாரிடம் கேட்பது என்பதிலும் பலர் வழி தவறுகிறார்கள். மாகாணத் துறைகளின் தலைமையகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என்பதால் எல்லாவற்றுக்கும் அங்கேயே அழைக்கிறார்கள். சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் பல பணிகளுக்கு விண்ணப்பம் அந்தந்த மருத்துவமனையின் ஹெச்.ஆர். அலுவலகத்துக்கே போகும். விளம்பரத்தில் விண்ணப்பம் அனுப்பச் சொன்ன இடம் எதுவோ அங்கேதான் கேட்க வேண்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தபாலை நம்ப வேண்டாம்.

டர்பனின் ஈதெக்வினி போன்ற மாநகராட்சிகள் வேறு முதலாளி. அந்தச் சர்க்குலரில் அவை வராது, படிவமும் வேறு. பள்ளி நிர்வாகக் குழு தன் கைக்காசில் நியமிக்கும் ஆசிரியர் வேலை இன்னும் வேறு. அதற்குப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்கலாம், பள்ளி விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து.

கோயிலில் பார்க்கும் மாமா கவுன்சிலரைத் தெரியும் என்பார், அக்கா வீட்டுக்காரர் அந்தத் துறையில் இருப்பார். "ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்" என்று நாம் கேட்பது ஊர்ப் பழக்கம். மாநகராட்சி விளம்பரங்களில் கவுன்சிலர்களையோ அதிகாரிகளையோ சிபாரிசுக்கு அணுகினால் தகுதி இழப்பு என்று அச்சடித்தே இருக்கும். தனியார் கம்பெனியில் நிலைமை வேறு. உள்ளே வேலை செய்யும் அண்ணன் உங்கள் சி.வி.யை ஊழியர் பரிந்துரை முறையில் கொடுக்கலாம், அது நேர்மையான வழி, பலனும் உண்டு. அவரைப் பிறகு வாரந்தோறும் "என்ன ஆச்சு அண்ணா" என்று நச்சரித்தால் அவர் உங்களைக் கண்டு ஒளிய ஆரம்பிப்பார். அவரிடமும் கேள்வி ஒன்றுதான்: யார் பார்க்கிறார்கள், எப்போது முடிவு.

ஏஜென்சி வழியாகப் போனால்

ஏஜென்சிக்காரருக்குப் பணம் தருவது கம்பெனி. அவருடைய வாடிக்கையாளர் நீங்கள் அல்ல. இதை மனதில் வைத்தால் அவருடைய மௌனம் புரியும். அவரிடம் கேட்க வேண்டியவை: என் சி.வி. கம்பெனிக்கு அனுப்பப்பட்டுவிட்டதா, எந்தக் கம்பெனி, எந்தத் தேதி? "உங்கள் சி.வி. எங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது" என்ற பதில் வந்தால் அனுப்பவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரே கம்பெனிக்கு இரண்டு ஏஜென்சிகள் உங்கள் சி.வி.யை அனுப்பினால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வருமே என்று பயந்து கம்பெனி உங்களையே ஒதுக்கிவிடலாம். நீங்களே நேரடியாகவும் போட்டிருந்தால் இன்னும் குழப்பம். எந்தக் கம்பெனி என்று கேட்டுச் சம்மதம் சொன்ன பிறகே அனுப்பச் சொல்லுங்கள், அந்தச் சம்மதம் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 2014-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வேலை தேடுபவரிடம் வேலைவாய்ப்புச் சேவைக்குக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. ஃபாலோ-அப் செய்யத் தவிப்பவர்களைக் குறிவைத்தே மோசடி நடக்கிறது. "நீங்கள் ஷார்ட்லிஸ்ட் ஆகிவிட்டீர்கள், சரிபார்ப்புக்கு 350 ரேண்ட் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது வேலை இல்லை. 13 இலக்க அடையாள எண்ணையும் வங்கி விவரத்தையும் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். அந்த எண்ணின் முதல் 6 இலக்கமே உங்கள் பிறந்த தேதி.

ஜேக்கப்ஸ், மொபெனி, ப்ராஸ்பெக்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கேட்டில் சி.வி. கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு: செக்யூரிட்டியிடம் கொடுத்த தாள் எங்கே போகிறது, அதை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அந்த சி.வி.யை மறந்துவிட்டு, கம்பெனி ஹெச்.ஆர். மின்னஞ்சலைத் தேடி அதற்கு அனுப்புங்கள்.

நேர்காணல் முடிந்த பிறகு

அறையை விட்டு எழும்போதே "முடிவு எப்போது தெரியும், யாரைத் தொடர்பு கொள்ளலாம்?" என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பிறகு மூன்று வாரம் தவிக்கிறோம். அன்று மாலையோ மறுநாளோ நான்கு வரியில் நன்றி, நேர்காணலில் சரியாகச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருந்தால் அதையும் ஒரே வரியில். அவர்கள் சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனதும் கேட்கலாம்.

இந்தக் கட்டத்தில் மௌனம் நீண்டால் பல நேரம் காரணம் சரிபார்ப்பு. எம்ஐஈ போன்ற நிறுவனங்களிடம் படிப்பு, குற்றப்பின்னணி ஆகியவற்றைச் சோதிக்கக் கொடுத்திருப்பார்கள். பணம் கையாளும், நம்பிக்கை சார்ந்த பதவிகளுக்கு உங்கள் சம்மதத்தோடு கடன் வரலாறும் பார்ப்பார்கள். உள்ளூர்ப் பட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். நம் ஊர்ப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்திலிருந்து பதில் வர வாரக்கணக்காகும். இங்கே உங்களால் உதவ முடியும். பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்புப் பக்க முகவரி, பதிவு எண், தேர்ச்சி ஆண்டு, சாக்வா சான்றிதழ் இவற்றை ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிடுங்கள். பரிந்துரையாளர்களாகக் கொடுத்தவர்களுக்கும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்பை மோசடி என்று நினைத்துச் சென்னையில் உங்கள் பழைய மேனேஜர் எடுக்காமல் விட்டால் அடி விழுவது உங்களுக்கு. வெளிநாட்டவர் என்றால் விசா நகலைக் கேட்கும்போது தாமதிக்காதீர்கள். செல்லுபடியாகும் விசா இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குற்றம் முதலாளி தலையில், அதனால் அது இல்லாமல் கோப்பு நகராது.

நிராகரித்தால் ஒரு கேள்வி கேட்கலாம்: எந்தத் தகுதியில் குறைந்தேன்? சிலர் பதில் சொல்வார்கள், பலர் சொல்ல மாட்டார்கள். பதிலோடு வாதாட வேண்டாம். இனம், மதம், மொழி, கர்ப்பம், வயது போன்ற காரணத்தால் ஒதுக்கினார்கள் என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தால் அது வேறு விவகாரம். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடை விண்ணப்பதாரருக்கும் பொருந்தும், 6 மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏவிடம் போகலாம். அரசுப் பணி நேர்காணலில் உங்களுக்கு விழுந்த மதிப்பெண்ணைத் தகவல் பெறும் சட்டமான பையா வழியாகக் கேட்கலாம், 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மற்றவர்களின் விவரத்தை மறைத்துத்தான் தருவார்கள். தனியார் கம்பெனி உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறது என்று கேட்கவும், தவறானதைத் திருத்தச் சொல்லவும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா இடம் தருகிறது. இவற்றைக் கோபத்தில் அன்றே எழுதி அனுப்பாமல் ஒரு வாரம் ஆறப்போட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள், நாள் நிறைய இருக்கிறது.

வேறு இடத்தில் வேலை கிடைத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால், நோட்டில் இன்னும் முடியாமல் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தக் குறிப்பெண்ணுக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நேர்காணல் வரை போன இடங்களுக்கு முதலில் அனுப்புங்கள். இரண்டாவதாக நிற்பவருக்கு அன்றே போன் போகக்கூடும்.